ஈர வேஷ்டியும் இரண்டு நீலக் கேபிள்களும்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எந்தப் பொருளையும் நான் தொடக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. சுவரில் எழுதி ஒட்டவில்லை, அவ்வளவுதான். கெட்டுப்போன பொருளைத் தொடலாம். இதற்கு மேல் என்ன கெட்டுவிடப் போகிறது என்று விட்டுவிடுவார்கள். ஆனால் ஓடுகிற மிக்ஸி, சொட்டாத குழாய், சத்தம் போடாத ஃபேன் பக்கம் நான் ஸ்க்ரூடிரைவரோடு நடந்தால் போதும், என் மனைவி மைதிலி, "அது நன்னாத்தானே இருக்கு?" என்று கேட்பாள். கேட்பதற்குக் கேள்வி மாதிரி இருக்கும். பதினோரு வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு அது கேள்வி இல்லை என்று தெரியும்.

அந்தச் சட்டம் பிறந்த கதை இது. இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்னவென்றால், நான் அன்றைக்குக் கெடுத்தது மிக்ஸியை அல்ல. நெட்வொர்க்கை. என் தொழிலே நெட்வொர்க்தான். (டாக்டர் தன் வீட்டு ஜுரத்துக்குத் தப்பு மாத்திரை கொடுத்த கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

நான் பொன்மலைக்காரன். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் குளிப்பார், நாங்கள் அம்மா துரத்தினால் குளிப்போம். குளியலுக்கும் ஆசாரத்துக்கும் இருக்கும் தொடர்பெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் ஆராய்ந்ததில்லை. மைதிலி ஸ்ரீரங்கம். எனக்கு வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும், எங்கள் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வேலை நிமித்தம் முகாம் என்றுதான் சொல்லிக்கொள்வேன். முகாம் தொடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன.

அந்த வீடு ரயில் மாதிரி நீளம். முன்னால் ரேழி என்கிற நடை, அதை ஒட்டி ஒரு முன் அறை, அடுத்து கூடம், கூடத்தின் ஓரத்தில் பெருமாள் உள் என்கிற பூஜை அறை, அதற்குப் பின்னால் தளிகை உள் என்று அவர்கள் சொல்லும் சமையலறை, அதையும் தாண்டி ஒரு பின் அறை, கடைசியில் கிணறும் குளியலறையும். வாசலிலிருந்து பக்கத்துச் சந்து வழியாகவும் கிணற்றடிக்குப் போய்விடலாம். இந்தச் சந்துதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

காலையில் என் மாமனார் திருவாராதனம் என்கிற பெருமாள் பூஜையை முடிக்கும் வரை கூடமும் தளிகை உள்ளும் மடிப் பிரதேசம். குளிக்காதவர் கால் வைக்கக் கூடாது. குளித்துவிட்டு வெளியே சுற்றி வந்தவரும் கூடாது. சலூனுக்குப் போய்த் தலையைக் கொடுத்துவிட்டு வந்தவரைப் பற்றிப் பேசவே வேண்டாம். மாமனார் ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர், சாது. பூஜையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கும் வரை வாய் திறக்க மாட்டார். சட்டம் ஒழுங்கை மாமியார் பார்த்துக்கொள்வார்.

மைதிலி சாஃப்ட்வேர் டெஸ்டர். அதாவது, மற்றவர்கள் முடித்துவிட்டோம் என்று கொண்டுவரும் புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிக்கிற வேலை. (கல்யாணத்துக்கு முன்பே இதைப் பற்றி நான் யோசித்திருக்க வேண்டும்.) குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். விட்ட அன்றைக்கு ஆபீஸ் அடையாள அட்டையைத் தூக்கிப் போடவில்லை. பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்தாள். பாப்பா ப்ரீ-கேஜி போக ஆரம்பித்ததும் மறுபடி வேலை தேடினாள். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: இத்தனை நாள் என்ன செய்தீர்கள்? குழந்தை வளர்த்தேன் என்பாள். அவர்கள் புன்னகை செய்து, சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஒரு தடவை அப்படி ஒரு இன்டர்வியூ முடிந்தபின் அவள் லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்து வைத்த பாத்திரங்களையே மறுபடி தேய்த்தாள்.

அதனால்தான், ஒரு பெங்களூர் கம்பெனியில் கடைசிச் சுற்று வரை அவள் போனபோது வீடே அதை ஒரு விசேஷம் மாதிரி நடத்தியது. வேலை கிடைத்தால் ஸ்ரீரங்கத்திலிருந்தே செய்யலாம். பாப்பாவை விட்டுப் போக வேண்டியதில்லை. இதைவிடப் பொருத்தமான வேலை அவளுக்கு வராது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாமியார் இன்டர்வியூ அன்றைக்குத் தட்டை வடை போட்டுப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணுவதாக, அதாவது நைவேத்தியம் செய்வதாக, அறிவித்திருந்தார்.

பிரச்சினை என்னவென்றால், அதற்கு முந்தைய சுற்றில் அவள் குரல் நடுவில் விட்டு விட்டு வந்திருக்கிறது. முகம் உறைந்து நின்றிருக்கிறது. எப்படியோ சமாளித்தாள். நான் உடனே தொழில்முறையில் விசாரணை நடத்தினேன். நெட் பெட்டி கூடத்தில், பெருமாள் உள்ளை ஒட்டிய மாடப்பிறையில் இருக்கிறது. கம்பெனி ஆள் சுவரில் அங்கேதான் ஓட்டை போட்டார். அதன் பக்கத்திலேயே ஒரு ஸ்விட்ச். (விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. பல கேபிள்களை வரிசையாகச் செருகுகிற ஒரு தட்டைப் பெட்டி. எங்கள் தொழிலில் அதற்கும் அதே பெயர்.) அங்கிருந்து ஒரு கேபிள் தளிகை உள்ளின் பரணில் இருக்கும் இன்னொரு பெட்டிக்குப் போகிறது. அதிலிருந்து பின் அறைக்கு. பின் அறையில்தான் மைதிலி உட்காருவாள். மொத்தத்தில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரே ஒரு கேபிள். அதுதான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதினேன்.

"அன்னிக்கு அந்த நேரத்துல நீங்க என்ன பண்ணிண்டு இருந்தேள்?" என்று மைதிலி கேட்டாள்.

நான் பாப்பாவின் பிறந்தநாள் வீடியோக்களை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி செய்துகொண்டிருந்தேன்.

"அப்போ இந்தத் தடவை அதைப் பண்ணாம இருங்கோ. போறும்."

இப்போது யோசித்தால் அது எவ்வளவு முழுமையான தீர்வு என்று புரிகிறது. அன்றைக்கு எனக்கு அது அவமானமாக இருந்தது. நெட்வொர்க் தெரிந்த ஒருவன் தன் மனைவியின் வாழ்க்கையில் வருகிற முக்கியமான நாளில் செய்யக்கூடிய உதவி, சும்மா இருப்பதா? எனக்கு ஒரு வழி தெரியும். பெரிய பெரிய ஆபீஸ்களில் செய்வது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒன்றுக்கு இரண்டாகக் கேபிள் போட்டு, இரண்டு பெட்டிகளிடமும், "இவை இரண்டல்ல, இரண்டும் சேர்ந்து ஒன்று" என்று சொல்லிவைத்துவிட வேண்டும். பிறகு அவை இரண்டையும் ஒரே கேபிளாக நடத்தும். சுமையைப் பிரித்துக்கொள்ளும். ஒன்று அறுந்தால் மற்றொன்று தாங்கும்.

மாமனாரிடம் இதை விளக்கினேன். "மாமா, முக்கொம்புல காவேரி ரெண்டாப் பிரியுது இல்லையா? காவேரியாவும் கொள்ளிடமாவும்? இது அதுக்கு நேர்மாறு. ரெண்டை ஒண்ணாக்கறது."

அவர் சற்று யோசித்தார். "நன்னாருக்கு மாப்பிள்ளை. ஆனா தெருவுலேர்ந்து ஆத்துக்குள்ள வரது ஒரே லைன்தானே?"

"அது அப்படியேதான் இருக்கும் மாமா. இது உள்ளுக்குள்ள."

"ஓஹோ" என்றார். பேங்கில் பலவிதமான கடன் விண்ணப்பங்களுக்கு அவர் இதே ஓஹோவைச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இன்டர்வியூவுக்கு முதல் நாள் மத்தியானம், சாப்பாடெல்லாம் ஆகி மடி தளர்ந்த நேரத்தில், வேலையைத் தொடங்கினேன். ஆபீஸில் கழித்துக் கட்டிய இரண்டு நல்ல ஸ்விட்ச்களை ஏற்கெனவே கொண்டுவந்து வைத்திருந்தேன். பழைய பெட்டிகளை எடுத்துவிட்டு இவற்றை வைத்தேன். பக்கத்து வீட்டு ஏணியை வாங்கிப் பரணில் ஏறி இறங்கினேன். முன்பிருந்ததைப் போலவே இன்னொரு நீலக் கேபிள் வாங்கி, முதல் கேபிளுக்குத் துணையாக இழுத்தேன். எதற்கும் அடையாளச் சீட்டு ஒட்டவில்லை. என் மூளையில்தான் எல்லாம் இருக்கிறதே. சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. ஏணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குடும்பத்தைக் கூட்டி ஒரு செயல்முறை விளக்கமும் நடத்தினேன். பின் அறையில் ஒரு வீடியோவை ஓட விட்டு, கூடத்தில் ஒரு கேபிளைப் பிடுங்கிக் காட்டினேன். வீடியோ நிற்கவில்லை. மாமியார் முகத்தில்கூட ஒரு மரியாதை தெரிந்தது.

மைதிலி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "கரன்ட் போய்ட்டு வந்தா?"

"வந்தா என்ன? தானா எல்லாம் எழுந்துக்கும்."

"அணைச்சுப் போட்டுப் பார்த்தேளா?"

"அதெல்லாம் முடிஞ்சுது மைதிலி. வேலை முடிஞ்சுது. நீ போய்ப் படி."

கவனியுங்கள், பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை. முடிந்தது என்றேன்.

மறுநாள் காலை மைதிலி இளம்பச்சைப் புடவை கட்டி, கண்ணாடி முன்னால் நின்று தனக்குத் தானே பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா ஸ்கூலுக்குப் போய்விட்டாள். எனக்கு இடப்பட்ட ஒரே கட்டளை, வீட்டை விட்டு வெளியே போ என்பது. சரி, இந்த நேரத்தைப் பயன்படுத்துவோம் என்று சலூனுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தேன். திரும்பி ரேழியில் கால் வைத்தபோது எல்லாம் அதனதன் ஒழுங்கில் நடந்துகொண்டிருந்தது. பெருமாள் உள்ளில் மாமனார் திருவாராதனத்தில் இருந்தார். தளிகை உள்ளில் வடைக்குக் கிரைண்டர் ஓடியது. பின் அறையிலிருந்து மைதிலியின் ஆங்கிலம் மெதுவாகக் கேட்டது. தடுமாற்றமே இல்லை. நான் வாசல் படியில் உட்கார்ந்து கழுத்தில் குத்திய முடியைத் தட்டிவிட்டுக்கொண்டு, பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிரைண்டர் நின்றது. ஃபேன் நின்றது. ஒரு சில வினாடிகள். பிறகு இரண்டும் மறுபடி சுற்றின.

நான் பதறவில்லை. பெட்டிகள் தானாக எழுந்துகொள்ளும், ஒரு நிமிடத்தில் சரியாகும் என்று காத்திருந்தேன். ஒரு நிமிடம் ஆயிற்று. இன்னும் கொஞ்சம் ஆயிற்று. பின் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வீட்டின் முழு நீளத்தையும் கடந்து ஒரு குரல் வந்தது.

"நெட் போயிடுத்து! முக்கியமான கேள்வியில கட் ஆயிடுத்து!"

"ஃபோன்ல ஹாட்ஸ்பாட் போடு!" என்று நான் ரேழியிலிருந்து கத்தினேன்.

"இந்தச் சுவருக்குள்ள ஒரு கோடுகூட வரலை! ஏதாவது பண்ணுங்கோ!"

ரேழியிலிருந்தே எட்டிப் பார்த்தேன். கூடத்து மாடப்பிறையில் என் ஸ்விட்ச் தெரிந்தது. அதன் பச்சை விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில், மூச்சுவிடாமல், சீரியல் செட் மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. அந்த மின்னலுக்கு என்ன அர்த்தம் என்று தொழிலில் இருப்பவர்களுக்குப் பார்த்ததுமே தெரியும். ஆனாலும் மனம் நம்ப மறுத்தது. எங்கள் தொழிலின் முதல் மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாமென்று, ரேழியிலிருந்த மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். (இது விளக்குப் போடுகிற வகை.)

கிரைண்டர் மறுபடி நின்றது. "யாரது மெயினோட விளையாடறது?" என்று மாமியார் குரல். "மாவு பாதியில நிக்கறது!"

விளக்குகள் எழுந்தன. எழுந்ததும் மறுபடி அதே சீரியல் செட். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்று அந்த இரண்டு பெட்டிகளுக்கும் நான் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுத்ததை நினைவில் வைத்துக்கொள் என்று சொல்லவில்லை. அதற்கென்று ஒரு கட்டளை தனியாக இருக்கிறது. ஆபீஸில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவதே அதைத்தான். கரன்ட் போனதும் இரண்டும் எல்லாவற்றையும் மறந்துவிட்டன. இப்போது அவற்றைப் பொறுத்தவரை இரண்டு கேபிள்களும் ஒன்றல்ல, தனித்தனி.

அதனால் என்ன நடக்கும் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நெட்வொர்க்கில் அவ்வப்போது ஒரு கூவல் போகும்: "இந்த வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?" கூடத்துப் பெட்டி அதை ஒரு கேபிள் வழியாகப் பரண் பெட்டிக்கு அனுப்பும். பரண் பெட்டி அதை வாங்கி, மற்ற எல்லா வழிகளிலும் அனுப்பும். அதில் இன்னொரு நீலக் கேபிளும் ஒன்று. அது கூடத்துக்கே திரும்பி வரும். கூடத்துப் பெட்டி, அடடா, புதிதாக யாரோ கேட்கிறார்களே என்று மறுபடி அனுப்பும். ஒரு கூவல் பத்தாகி, பத்து ஆயிரமாகி, வேறு எந்தப் பேச்சும் நுழைய முடியாமல் வீட்டையே அடைத்துவிடும். மைதிலியின் வேலை அந்தக் கூச்சலுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

மருந்து சுலபம். இரண்டு நீலத்தில் ஒன்றைப் பிடுங்கினால் போதும். பரணில் ஏற ஏணி இல்லை. கூடத்துப் பெட்டி கைக்கெட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. பாய்ந்தேன்.

"நில்லுங்கோ!"

மாமியார் தளிகை உள் வாசலில் மடிப்புடவையோடு நின்றார். பார்வை என் தலையில். "க்ஷவரம் பண்ணிண்டு வந்திருக்கேள். கழுத்தெல்லாம் மயிர். மாமா உள்ள திருவாராதனத்துல இருக்கார். ஸ்நானம் பண்ணாம ஒரு அடி வைக்கப்படாது."

"மாமி, மைதிலி இன்டர்வியூ போயிட்டிருக்கு!"

"தெரியும். என் பொண்ணு." அவர் குரல் ஒரு கணம் தழைந்தது. "என்ன பண்ணணும்னு சொல்லுங்கோ. நான் பண்றேன்."

நான் மாமியாரை இந்தக் கதையில் வில்லியாக்கிவிடக் கூடாது. அந்த அம்மாள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கச் சம்மதித்தார். ஆனால் எந்தக் கடையில் எத்தனை பேர் தொட்டதோ என்று தெரியாத ஒயரைத் திருவாராதன நேரத்தில் கையால் தொட முடியாது. ஆகவே பாத்திரம் இறக்குகிற இடுக்கியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எது?"

"நீலம் மாமி."

"நாலும் நீலமான்னா இருக்கு!"

இருந்தது. நெட் பெட்டியிலிருந்து வருவது நீலம், முன் அறைக்குப் போவது நீலம், என் ஜோடி இரண்டும் நீலம்.

"ரெண்டாவதோ மூணாவதோ... அதுல நுனியில ஒரு சின்ன நாக்கு இருக்கும் மாமி. அதை அமுக்கிண்டே இழுக்கணும்."

அவர் இடுக்கியால் ஒரு கேபிளைப் பிடித்து இழுத்தார். நாக்கை அமுக்காத கேபிள் எப்படி வரும்? மொத்தப் பெட்டியும் மாடப்பிறையின் விளிம்புக்கு நகர்ந்து வந்தது.

"விட்டுடுங்க மாமி! பெட்டியே வந்துடும்!"

"பின்ன நீங்க போய் ஸ்நானம் பண்ணிண்டு வாங்கோ! பேசிண்டு நிக்கறேளே!"

ஓடினேன். சந்து வழியாகக் கிணற்றடிக்கு நான் ஓடிய ஓட்டத்தை, பொன்மலையில் சங்கு ஊதியபின் ஒர்க்‌ஷாப் கேட்டை நோக்கி சைக்கிள் மிதிக்கிறவர்கள் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார்கள். அண்டாவிலிருந்த தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டேன். மாற்று உடை வீட்டுக்குள் இருந்தது. கொடியில் தொங்கியது மாமனாரின் வேஷ்டி ஒன்றுதான். அதைச் சுற்றிக்கொண்டேன். சுற்றியதும் அதுவும் நனைந்தது. பின்கட்டு வழியாக நுழைந்து, பின் அறையைத் தாண்டி, (உள்ளே மைதிலி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள், அதைப் பார்த்ததும் என் கால் இன்னும் வேகமானது) மாமியாரைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தேன்.

முதலில் பிடுங்கியது நெட் பெட்டியின் கேபிள். தப்பு. அதைத் திரும்பச் செருகிவிட்டு அடுத்ததைப் பிடித்தேன். ஆத்திரத்தில் நான் இழுத்த இழுப்பில் அது மட்டுமல்ல, பரணில் இருந்த மறுமுனையும் கழன்று, முழுக் கேபிளும் சரசரவென்று என் கையோடு வந்துவிட்டது. விளக்குகள் அடங்கின. பிறகு ஒன்றொன்றாக, நிதானமாக, மனிதர்கள் பேசிக்கொள்வது மாதிரி மின்ன ஆரம்பித்தன.

அந்த நேரம் பார்த்துப் பெருமாள் உள்ளின் திரை விலகியது. கையில் தீர்த்த வட்டிலோடு மாமனார் திரும்பினார். எதிரே ஈர வேஷ்டியும் சொட்டும் தலையுமாக மாப்பிள்ளை. இத்தனை வருடத்தில் திருவாராதனம் முடியும் வேளையில் ஸ்நானம் செய்து அந்தக் கூடத்தில் நான் நின்றதே இல்லை. அவர் முகம் மலர்ந்தது பாருங்கள், அப்படி ஒரு மலர்ச்சியை என் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. கண்கள் லேசாகக் கலங்கின. உத்தரணி என்கிற சின்னக் கரண்டியில் தீர்த்தம் எடுத்து நீட்டினார். நான் கேபிளைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு, கையைக் குவித்து வாங்கிச் சாப்பிட்டேன். துளசியும் கொடுத்தார். அதை வாயில் போட்டுக்கொண்டே பின் அறைக்கு ஓடினேன்.

"மைதிலி! வந்துடுச்சு! நெட் வந்துடுச்சு!"

ஆமாம், வந்துவிட்டிருந்தது. கொஞ்சம் முன்னாலேயே. திரையில் மூன்று முகங்கள் இருந்தன. மூன்றும் மைதிலியைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தன. திரையின் மூலையில் நானும் என்னைப் பார்த்தேன். மேலே சட்டை இல்லை. இடுப்பில் சொட்டுகிற வேஷ்டி. தோளில் நீலக் கேபிள். வாயில் துளசி. மாமனார் வேறு, மகளுக்கும் தீர்த்தம் கொடுத்துவிடலாம் என்று வட்டிலோடு பின்னாலேயே வந்து நின்றார்.

மைதிலி கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தாள். அந்தக் கணத்தில் வேலை போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டேன். இனி இந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று நினைத்தேன்.

திரையின் நடுவிலிருந்த அம்மாள்தான் தலைவி. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்: "கடைசியாக நான் கேட்ட கேள்வி உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?"

"இருக்கிறது மேடம்" என்றாள் மைதிலி. "ஒரு வேலை முடிந்துவிட்டது என்று எப்போது ஒத்துக்கொள்வீர்கள் என்று கேட்டீர்கள்." பிறகு கட்டை விரலை மட்டும் பின்பக்கம் என்னை நோக்கிக் காட்டினாள். "பதில் இதோ நிற்கிறது. இவர் என் கணவர். நெட்வொர்க் இன்ஜினியர். இந்த இன்டர்வியூவுக்காக நேற்று எங்கள் வீட்டு நெட்வொர்க்கைப் பலப்படுத்தினார்."

தொடர்ந்து அவள் சொன்னது முழுவதையும் நான் அப்படியே நின்று கேட்டேன். இரண்டு கேபிளை ஒன்றாக்கியது, எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியது, அது பிரமாதமாக வேலை செய்தது, வேலை முடிந்தது என்று அறிவித்தது. "நேற்று வேலை செய்தது உண்மைதான் மேடம். ஆனால் நேற்று கரன்ட் போகவில்லை. வேலை செய்கிறதா என்று பார்ப்பது அதைச் செய்தவரின் சோதனை. கீழே விழுந்து எழுந்தபின்னும் வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் என் சோதனை. ஒரு தடவையாவது அணைத்துப் போட்டுப் பார்க்கும் வரை, முடிந்தது என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு மிகவும் வேண்டியவர் சொன்னாலும் சரி."

மூன்று முகங்களில் ஒன்று கேமராவை அணைத்துக்கொண்டது. சிரிக்கத்தான் என்று இப்போதும் நம்புகிறேன். தலைவி சிரிக்கவில்லை. ஏதோ யோசித்தபடி தலையாட்டினார். பிறகு திடீரென்று தமிழில், கும்பகோணத் தமிழில், சொன்னார்: "அவரைப் போய்த் தலையைத் துவட்டிக்கச் சொல்லுங்க. ஜலதோஷம் பிடிச்சுக்கப் போகுது."

ஜலதோஷம் பிடித்தது. வேலையும் கிடைத்தது. கடிதம் வந்த அன்று மைதிலி வந்து என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "தாங்க்ஸ்" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள். சில நாளில் புதிய அடையாள அட்டை தபாலில் வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவளுக்கு அதைக் கழுத்தில் மாட்ட ஓர் அவசியமும் இல்லை. ஆனாலும் முதல் நாள் மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

இப்போது அவள் ஒரு குழுவுக்குத் தலைவி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்கிறாளாம். பெங்களூரில் நான் பார்த்தே இராத பிள்ளைகள், ஒரு வேலையைச் சரியாக முடிக்காமல் விட்டவனைப் பார்த்து, "என்னடா, ஈர வேஷ்டி பண்ணிட்டியா?" என்று கேட்டுக்கொள்கிறார்களாம். இரண்டாவது கேபிளை நான் மறுபடி போடவே இல்லை. மாமியார் அதைக் கிணற்றடியில் துணி உலர்த்தக் கட்டியிருக்கிறார். நன்றாகத் தாங்குகிறது என்கிறார்.

மாமனாருக்குத்தான், நான் அன்று குளித்தது கேபிளுக்காக என்ற உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாமியார் சொல்லிவிட்டார். மாமனார் கோபப்படவில்லை. ஓஹோ என்றார். ஆனால் அந்த மலர்ந்த முகம் என் மனத்தை என்னவோ செய்துகொண்டே இருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் குளித்துவிட்டுத் திருவாராதனம் முடிகிற நேரத்துக்குக் கூடத்தில் போய் நிற்க ஆரம்பித்தேன். தீர்த்தம் கொடுக்கும்போது என் தோளை ஒரு தடவை பார்ப்பார். கேபிள் இருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது புரிய எனக்குச் சில வாரங்கள் ஆயின.

போன வாரம் ஒரு நாள் காலையில் நெட் போய்விட்டது. என் தப்பு ஒன்றுமே இல்லை. தெருவில் யாரோ பள்ளம் தோண்டி லைனை அறுத்துவிட்டார்கள், தெரு முழுவதும் நெட் இல்லை. இதை எல்லாருக்கும் தெளிவாக அறிவித்துவிடலாம் என்று ரேழியில் வந்து நின்றேன். பின் அறையிலிருந்து மைதிலி எட்டிப் பார்த்தாள். தளிகை உள்ளிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். பெருமாள் உள்ளில் மாமனார் திருவாராதனத்தில் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் திரும்பிப் பார்த்தார். மௌனம் கலையாமல், கையிலிருந்த மணியைத் தூக்கிக் கிணற்றடிப் பக்கம் காட்டினார்.

துண்டை எடுத்துக்கொண்டு போனேன்.